நாலு வார இறுதியில் ஓர் அரசவைக் கொக்கு

அரசவை ஓவியம் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் அநேகமாக முதல் நாளே கைபேசியில் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். நடுவில் பாதுஷா, சுற்றிவரத் தலைப்பாகை கட்டிய ஐம்பது அறுபது பிரபுக்கள், கீழே யானை, மேலே பொன்னில் மேகம். "அன்ரி, இப்பிடி ஒண்டு கீற எத்தனை நாள் எடுக்கும்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நீங்கள் எத்தனை பேர் வந்திருக்கிறீங்கள்?"

பகிடி இல்லை. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை ஒரு ஆள் தனியே கீறவில்லை. அக்பரின் ஓவியக்கூடத்தில் ஒருவர் படத்தின் அமைப்பைக் கோட்டில் போடுவார், இன்னொருவர் நிறம் தீட்டுவார், முகம் எழுதக் கைதேர்ந்தவர் என்று வேறொருவர் இருப்பார். கடதாசி ஒட்டித் தேய்த்துக் கொடுப்பவர், பொன் அரைப்பவர், கரை கட்டுபவர் எல்லாம் தனித்தனி. ஹம்சாநாமா என்ற கதைத் தொகுதிக்கு அந்தக் கூடம் சுமார் 1,400 பெரிய படங்களைத் துணியில் செய்தது. அதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் போயின. வாராவாரம் வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அக்பர் பார்த்துப் பரிசு கொடுத்தார் என அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் எழுதி வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட கூடத்துக்கு கார்கானா என்று பெயர்.

கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில் இருக்கும் உங்களுக்குக் கார்கானா கிடையாது. ஆகவே அந்த ஆட்கள் அத்தனை பேராகவும் நீங்கள்தான் மாறவேண்டும். ஆனால் ஒரே நாளில் எல்லாராகவும் அல்ல. புதிதாகத் தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: கடதாசியும் ஒட்டி, கோடும் போட்டு, நிறமும் அடித்து, இரவுக்குள் கண்ணும் எழுதி முடிக்கப் பார்ப்பார்கள். ஒரு வார இறுதிக்கு ஒரு ஆளாக இருங்கள். கடதாசிக்காரராக இருக்கும் கிழமை தூரிகையைத் தொடாதீர்கள்.

என்ன கீறப் போகிறோம்? ஒரு உண்ணிக்கொக்கு. பச்சை நிலத்தில் தனியே நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கு, காலடியில் இரண்டு புற்செடி. "இது அரசவை ஓவியமா?" என்று முகம் சுளிக்காதீர்கள். பாதுஷா ஜஹாங்கீருக்குப் பறவை, விலங்கு, பூ என்றால் பைத்தியம். 1612இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதுவரை அவர் கண்டிராத பறவை. உடனே படம் எழுதச் சொன்னார். அந்த வான்கோழியை எழுதிய உஸ்தாத் மன்சூர், 1621இல் சபைக்கு வந்த ஒரு வரிக்குதிரையையும் எழுதினார். இரண்டும் இன்று இலண்டனில் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரியணையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு உயிர், ஒரு நிலம், சுற்றிக் கரை. கொக்குக்கு நீங்கள் கோவா வரை போகவும் தேவையில்லை. பத்தரமுல்லைப் பக்கம் புல்வெளியில் காலையில் நிற்கும்.

முதலில் பார்க்கப் பழகுங்கள்

ஒரு பின்னேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் இணையத்தளங்களில் நல்ல தெளிவான படங்களை இலவசமாகப் போட்டிருக்கின்றன. கைபேசியில் வேண்டாம், கணினித் திரையில் ஒரு படத்தைத் திறந்து ஒரு மூலையை மட்டும் பெருப்பித்துப் பாருங்கள். முகலாயப் படத்தில் தாடியின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியே தெரியும், நிறம் அடக்கமாக இருக்கும். ராஜஸ்தானத்து மேவாரிலிருந்து வந்த படத்தில் சிவப்பும் மஞ்சளும் பட்டையாக முகத்தில் அடிக்கும். இமயமலை அடிவாரத்து மலைநாட்டு பசோலிப் படங்களில் வண்டின் பச்சை இறகோட்டை வெட்டி மரகதமாக ஒட்டியிருப்பார்கள். அதே மலைநாட்டில் பிறகு வந்த நைன்சுக் (இறந்தது 1778இல்) தன் எஜமான் பல்வந்த் சிங்கைக் கொலுவில் மட்டுமல்ல, தாடி கத்தரிக்கும்போதும் கடிதம் எழுதும்போதும்கூட எழுதினார்.

இந்த வேறுபாடுகளை உலகத்துக்குப் பிரித்துக் காட்டியவர் நம் ஊர்க்காரர். ஆனந்த குமாரசாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். முகலாயப் படங்களை மட்டுமே ஆட்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ராஜஸ்தானத்திலும் அந்த மலைநாட்டிலும் வளர்ந்த ராஜபுத்திர ஓவியம் தனி மரபு என்று 1916இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அவர் கோடு கொஞ்சம் அழுத்திப் பிரித்துவிட்டார், இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நிறைய உண்டு என்று பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள். அவர் சேர்த்த படங்கள் பொஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. இங்கே மிஞ்சியது அவர் பெயரில் ஒரு வீதி. விகாரமகாதேவிப் பூங்கா ஓரமாக ஓவியங்களை வெளியில் சாத்தி வைத்து விற்கிறார்களே, அந்தப் பக்கம். அங்கே போனால் ஒரு நிமிடம் பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். எங்கள் ஆட்களிடம் அரசவை ஓவியம் என்றால் பூசை அறையில் மாட்டும் தஞ்சாவூர் ஓவியத்தைத்தான் நினைப்பார்கள். அதுவும் அரசவையில் வளர்ந்ததுதான், மராட்டிய மன்னர் காலத்தில். ஆனால் அது பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடு கட்டி, பொன்தாளும் கல்லும் பதிக்கும் வேலை. நாம் செய்யப்போவது கடதாசியில், மேடு இல்லாமல், கண்ணாடி போல மட்டமான வேலை.

வாங்கவேண்டியவை

புறக்கோட்டை மலிபன் வீதிக்கு ஒரு சனிக்கிழமை காலை போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு அந்த நெரிசலில் கடதாசியை மடங்காமல் கொண்டுவர முடியாது. மேற்பரப்பு வழவழப்பான பருத்திக் கடதாசி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் மெல்லிய நல்ல ட்ரோயிங் கடதாசி நாலைந்து தாள். ரேசிங் பேப்பர் இரண்டு. ஒட்டும் நாடா. ஒரு சிறிய கண்ணாடித் துண்டு, விளிம்பு தேய்த்தது.

தூரிகை விஷயத்தில் ஏமாறாதீர்கள். பழைய ஓவியர்கள் அணில்வால் மயிரைப் புறா இறகின் காம்பில் செருகிக் கட்டினார்கள். அதைக் கேட்டுவிட்டு கடையில் இருப்பதிலேயே சின்னத் தூரிகையை, ஐந்து பூச்சியம் போட்டதை, வாங்கி வருவார்கள். அது தண்ணீர் பிடிக்காது, ஒரு கோடு முடிவதற்குள் காய்ந்துவிடும். இலக்கம் 1 ஒன்று, 000 ஒன்று, நிலம் தீட்ட இலக்கம் 4 ஒன்று போதும். பார்க்கவேண்டியது நுனியை: நனைத்து உதறினால் எல்லா மயிரும் ஒரு கூராகச் சேரவேண்டும். கடைக்காரர் முறைத்தாலும் தண்ணீர் கேட்டு நனைத்துப் பார்த்தே வாங்குங்கள். அணில்களை விட்டுவிடுங்கள், செயற்கை மயிரே இப்போது நன்றாக இருக்கிறது.

நிறத்துக்கு குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் தண்ணீர் நிறம்) குழாய்கள்: வெள்ளை, மஞ்சட்காவி, நல்ல மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை. போஸ்டர் கலர்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு துளி பிசின் கலந்து பாவியுங்கள், இல்லாவிட்டால் தேய்க்கும்போது தூளாக உதிரும். பிசின் என்றால் கருவேலம் பிசின். விளாம்பிசின் கிடைத்தால் அதுவும் சரி. நம் நாட்டு விகாரைகளில் சுவரோவியம் எழுதிய சித்திரகாரர் நிறம் கலந்தது அதில்தான். நாட்டு மருந்துக் கடைகள் இருக்கும் கேபோஸ் லேனில் கேட்டுப் பாருங்கள்.

கறுப்பை வாங்காதீர்கள். செய்யுங்கள். நல்லெண்ணெய் விளக்கை ஏற்றி, சுடருக்கு மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அரை மணித்தியாலத்தில் கரி படியும். பிள்ளைகளுக்குப் பொட்டு வைக்க அம்மம்மா மை கூட்டிய அதே வேலை. அதைச் சுரண்டி, பிசின் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு விரலால் கால் மணித்தியாலம் அரையுங்கள். இப்படிச் செய்த கறுப்புக்கு ஈடாகக் குழாயில் வரும் எதையும் நான் காணவில்லை.

மற்ற நிறங்களைப் பழைய முறையில் செய்யப் போகாதீர்கள். அரசவை மஞ்சள் அரிதாரம், அது ஆர்செனிக். நாடகக்காரர் முகப்பூச்சுக்கு இன்னும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்பு சாதிலிங்கம், அது பாதரசம். பழைய வெள்ளையிலும் செந்தூரத்திலும் ஈயம். எந்த நிறமானாலும், தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை முதல் நாளே விடுங்கள்.

முதல் வார இறுதி: கடதாசிக்காரர்

அரசவைப் படம் ஒற்றைத் தாளில் நிற்பதில்லை. இரண்டு மூன்று தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காயவிட்டு, கல்லால் தேய்த்து மினுக்கிய அட்டை அது. வஸ்லி என்பார்கள். இந்த வேலையைப் பாய்ந்து கடக்கப் பார்ப்பவர்கள் நாலாம் கிழமை என்னிடம் அழுதுகொண்டு வருவார்கள்.

ஒட்டும் கூழுக்கு ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவு, எட்டுக் கரண்டி தண்ணீர். கட்டி இல்லாமல் கரைத்து, சின்ன நெருப்பில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்கி, மெல்லிய துணியில் வடியுங்கள். பூச்சி வராதிருக்கத் துரிசு சேர்ப்பது வழமை. அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் குசினியில் வேண்டாம். அதற்குப் பதிலாக இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுங்கள்.

படத்துக்கு வேண்டியதைவிடச் சுற்றிவர மூன்று விரல் கூடுதலாக மூன்று தாளை வெட்டுங்கள். ஈரத் துணியால் தாளைத் துடைத்து இளக்கி, கூழை மெல்லியதாகப் பூசி, இரண்டாம் தாளை வைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் வழியுங்கள். காற்றுக் குமிழ் நின்றால் பிறகு அந்த இடத்தில் நிறம் வெடிக்கும். மூன்றாம் தாளும் அப்படியே. பிறகு மேலும் கீழும் உறிஞ்சும் தாள் வைத்து, அதற்கு மேல் பாரம். பாரத்துக்கு எங்கள் வீட்டில் கலியாண அல்பங்கள். அவை வேறு எதற்கும் உதவுவதில்லை.

இப்போது கொழும்புக்கென்று ஒரு எச்சரிக்கை. இந்த வேலையின் குறிப்புகள் எல்லாம் ஜெய்ப்பூர், உதய்ப்பூர் மாதிரிக் காய்ந்த ஊர்களிலிருந்து வருகின்றன. "ஒரு இரவு காயவிடவும்" என்று இருக்கும். நான் முதன்முதல் வஸ்லி செய்தது ஐப்பசி மழையில். கூழும் கெட்டி, பாரமும் எடுக்கவில்லை. நாலாம் நாள் அல்பத்தைத் தூக்கினால் தாள் முழுக்கப் பச்சைப் பூஞ்சணம், வெட்டாமலே ஒரு புல்வெளி. அடுத்த முறை பூஞ்சணம் இல்லை, ஆனால் மேசையிலேயே இரவு விட்டுவிட்டேன், கரப்பான் வந்து கூழுக்காக ஒரு விளிம்பையே நக்கித் தின்றிருந்தது. ஆகவே: கூழ் நீர்ப்பாக இருக்கட்டும். உறிஞ்சும் தாளை முதல் நாள் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டாம் நாள் பாரத்தை எடுத்து, நாலு விளிம்பையும் நாடாவால் பலகையில் ஒட்டி, மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வையுங்கள். மழைக்காலத்தில் ஐந்து நாள் என்று கணக்கு வையுங்கள். காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

காய்ந்த அட்டையைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்துத் தேயுங்கள். அகேட் கல் இருந்தால் விசேஷம். இல்லாவிட்டால் நல்ல சோழி, அதன் வளைந்த முதுகுப் பக்கம். சின்னச் சின்ன வட்டமாக, ஒரே அழுத்தமாக, இடம் விடாமல். கை வலிக்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மங்கலாக நிற்கும் திட்டுகள் தெரியும், அங்கே மறுபடி தேயுங்கள். கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இதுதான் வேலை. உங்களுக்கு இரண்டு மணித்தியாலம்.

இரண்டாம் வார இறுதி: கோடு போடுபவர்

சனிக்கிழமை முழுக்கப் பழைய தாளில் கோடு மட்டும். ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில், ஒன்றையொன்று தொடாமல், நூறு கோடு. பிறகு வளைந்த கோடு நூறு: மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மெலிந்து முடியவேண்டும். தூரிகையை நிறத்தில் தோய்த்து, ஒரு துண்டுத் தாளில் உருட்டி நுனியைக் கூராக்கி, பிறகுதான் கோடு. கோட்டை உங்களை நோக்கி இழுங்கள். வெளியே தள்ளவேண்டி வந்தால் கையைத் திருப்பாமல் கடதாசியைத் திருப்புங்கள். பழைய படங்களில் ஓவியர்கள் நிலத்தில் இருந்து, ஒரு முழங்காலை மடித்து நிறுத்தி, அதன்மேல் பலகையைச் சாய்த்து வேலை செய்வதைக் காணலாம். அழகுக்கு அப்படி இருக்கவில்லை. கை உடம்போடு ஒட்டி நிற்கும், நடுங்காது. கதிரைக்காரர் முழங்கையை மேசையில் ஊன்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொக்கு. ரேசிங் பேப்பரில் 12 சென்ரிமீற்றர் அகலம், 18 சென்ரிமீற்றர் உயரம் கட்டம் போடுங்கள். பக்கவாட்டாக நிற்கும் கொக்கு, கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு. அரசவைப் படங்களில் மனிதருக்கும் பக்கமுகம்தான் மரியாதை. உடம்பு ஒரு சாய்ந்த முட்டை, கழுத்து தளர்ந்த வளைவு. பின்பக்கமாக மடியும் மூட்டை முழங்கால் என்று நினைத்துத்தான் எல்லாரும் காலைப் பிழையாகக் கீறுவார்கள். அது கணுக்கால். முழங்கால் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இதை மனதில் வைத்தால் கால் தானாகச் சரிவரும். பாதம் கட்டத்தின் அடியில் முட்டக்கூடாது, இரண்டு விரல் நிலம் விடுங்கள்.

இதை அட்டைக்கு மாற்றும் முறைக்கு காக்கா என்று பெயர். நம் காகம் இல்லை, பாரசீகச் சொல். கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுங்கள். தாளை அட்டையில் வைத்து, கரித்தூள் கட்டிய சிறு துணிமுடிச்சால் மெதுவாகத் தட்டினால் புள்ளிப் புள்ளியாக உருவம் இறங்கும். பழைய நாட்களில் மெல்லிய மான்தோலில் துளையிட்டு வைத்துக்கொண்டு, ஒரே உருவத்தைத் தலைமுறை தலைமுறையாக எடுத்தார்கள். உங்கள் கொக்குத் தாளையும் எறிந்துவிடாதீர்கள், முதற்படம் பழுதானால் பத்து நிமிடத்தில் அடுத்ததைத் தொடங்கலாம். கார்பன் பேப்பர் மட்டும் வேண்டாம். அதன் எண்ணெய்ப் பசையில் நிறம் ஒட்டாது.

புள்ளிகளை இணைத்து, தண்ணீராகக் கரைத்த காவி நிறத்தில் கோடு போடுங்கள். கோடு பிழைத்தால் அழிக்காதீர்கள், பக்கத்திலேயே சரியானதைப் போடுங்கள். காய்ந்ததும் முழு அட்டைக்கும் வெள்ளையை மிக நீர்ப்பாக ஒரு பூச்சு. காவிக் கோடு பனிக்குள்ளால் தெரிவதுபோல் தெரியும். அதன்மேல் சரியான கோட்டை மட்டும் தேர்ந்து கறுப்பால் மெல்லியதாக எழுதுங்கள். பிழையெல்லாம் வெள்ளைக்குள் போய்விடும். பெரிய உஸ்தாதுகளின் படங்களிலும் அந்த வெள்ளைக்கு அடியில் மாற்றிப் போட்ட கைகளும் கால்களும் கிடக்கின்றன.

மூன்றாம் வார இறுதி: நிறம் தீட்டுபவர்

நிலத்தைத்தான் முதலில். பச்சையோடு வெள்ளையும் துளி மஞ்சட்காவியும் சேர்த்து, நீர்த்த மாங்காய்த் தோல் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். தேவைக்கு மூன்று மடங்கு கலந்து மூடி வையுங்கள், பாதியில் முடிந்தால் அதே நிறத்தை மறுபடி பிடிக்க முடியாது. தடிப்பு எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். தேங்காய்ப் பாலில் இரண்டாம் பால். முதற்பால் போலத் தடித்தால் வெடிக்கும், மூன்றாம் பால் என்றால் திட்டுத் திட்டாகும். ஒரு பூச்சு கிடையாக, காய்ந்த பிறகு அடுத்தது நெடுக்காக, மூன்று அல்லது நாலு. கொக்கின் கோட்டு ஓரத்தில் இலக்கம் 1 தூரிகையால் மெதுவாகச் சுற்றி வாருங்கள்.

காய்ந்த நிறத்தில் விரலை இழுத்துப் பாருங்கள். தூள் ஒட்டினால் பிசின் போதாது. பளபளத்து நூல் நூலாக வெடித்தால் பிசின் கூடிவிட்டது.

பிறகு கொக்குக்கு வெள்ளை, இரண்டு பூச்சு. அலகுக்கு மஞ்சள், காலுக்குக் கறுப்புக் கலந்த காவி. புற்செடிக்கு நிலத்தைவிட இருண்ட பச்சை. இவ்வளவுதான். எந்த இடத்திலும் நிழல் போடாதீர்கள், படம் இப்போது பிள்ளைகள் நிறந்தீட்டும் கொப்பி மாதிரித்தான் இருக்கும். இந்த நிலையில் பலர் மனம் தளர்ந்து விடுவதைக் கண்டிருக்கிறேன்.

தளரவேண்டாம், ஏனென்றால் அடுத்ததுதான் இந்தக் கலையின் இரகசியம், அதுவும் படத்தின் முதுகில் நடக்கிறது. கண்ணாடித் துண்டை நன்றாகத் துடைத்து, படத்தை அதன்மேல் குப்புற வையுங்கள். பின்பக்கத்தைக் கல்லால் அல்லது சோழியால் தேயுங்கள். நிறத்தின் துணிக்கைகள் கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி ஒரே மட்டமாகப் படியும். திருப்பிப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரிக் கிடந்த பச்சை, எனாமல் போல உள்ளுக்குள்ளிருந்து மினுங்கும். வார்னிஷ் எதுவும் இல்லாமல் அந்தப் படங்கள் ஒளிர்வதற்குக் காரணம் இந்தத் தேய்ப்புத்தான். ஒவ்வொரு இரண்டு பூச்சுக்கும் ஒருமுறை தேய்க்கலாம். கன்னத்துச் சோதனையை மறக்காதீர்கள்: ஈரம் இருக்கும்போது தேய்த்தால் கொக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உங்களுக்கு வெறும் நிலம்தான் மிஞ்சும்.

நாலாம் வார இறுதி: முகம் எழுதுபவர், பிறகு பொன்காரர்

இப்போது 000 தூரிகை. நிழல் என்பது இங்கே கலைத்துத் தடவுவது அல்ல. மயிரிழைக் கோடுகளையும் புள்ளிகளையும் நெருக்கமாகவும் ஐதாகவும் போட்டுக் கொண்டுவருவது. பர்தாஸ் என்று பெயர். வெள்ளைக் கொக்கின் நிழலுக்கு நீலம் துளி கலந்த இளஞ்சாம்பல். கழுத்தின் அடியில், இறக்கையின் மடிப்பில், வயிற்றின் கீழே மட்டும், இறகு வளரும் திசையிலேயே கோடு. ஒரு விரல்நக அகலத்துக்கு அரை மணித்தியாலம் போகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து யன்னலால் தூரத்தைப் பாருங்கள், கண்ணுக்கு நல்லது. கடல் தெரிந்தால் இன்னும் நல்லது. பிறகு கெட்டி வெள்ளையால் ஓர இறகுகளின் நுனி. உச்சியிலும் முதுகிலும் இளஞ்செம்மஞ்சள் சாயல் வைத்தால் கொக்கு கூடுகட்டும் பருவத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

தலைப்பில் நாலு வார இறுதி என்று போட்டது கொஞ்சம் பொய். பர்தாஸுக்கே இரண்டு போகலாம். போகட்டும்.

கண்ணைக் கடைசியாக எழுதுங்கள். சிலைக்குக் கண் திறப்பதைச் சிற்பி கடைசிக்கு வைத்திருப்பதுபோல. மஞ்சள் வட்டம், நடுவில் விளக்குக் கரியின் கறுப்பு, அதில் ஊசிமுனையளவு வெள்ளை. பலர் சேர்ந்து எழுதிய படத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறொருவர் எழுதியிருந்தாலும் யார் கை எது என்று தன்னால் சொல்லமுடியும் என ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் பெருமையடித்திருக்கிறார். அவர் வந்து பார்க்கப் போவதில்லை; என்றாலும் கண் எழுதும் நாளில் தேத்தண்ணி குடிக்காதீர்கள், கை நடுங்கும்.

கரைக்குப் பொன். அசல் முறையில் அடித்த பொன்தாளைப் பிசினோடு தட்டில் விட்டு விரலால் மணிக்கணக்காக அரைத்து, கழுவி, அடியில் படிந்ததைச் சிப்பி ஓட்டில் எடுத்து வைப்பார்கள். செட்டியார் தெருவில் இன்றைக்குப் பவுன் போகும் விலைக்கு முதற்படத்தில் அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். பொன்னிற குவாஷ் வாங்குங்கள், ஆனால் பித்தளைத் தூள் கலந்ததை வாங்காதீர்கள். எங்கள் கடற்காற்றில் அது சீக்கிரமே கறுத்துப் பச்சை பிடிக்கும். மைக்கா கலந்தது கறுக்காது. படத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, அடுத்துப் பொன் பட்டை, மறுபடி கறுப்பு, ஒரு நூல் இடைவெளி விட்டுச் சிவப்புக் கோடு. அடிமட்டத்தின் கீழ் இரண்டு காசு ஒட்டித் தாளிலிருந்து உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் நிறம் அடியால் ஊறி நாலு கிழமை உழைப்பும் ஒரு நிமிடத்தில் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

வைத்திருப்பது

இந்தப் படங்கள் சுவருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அல்பத்தில் கட்டி, மடியில் வைத்து, கையில் எடுத்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டிப் பார்த்தார்கள். நீங்களும் ஒரு தடித்த அட்டைக் கோப்பில், மேலே மெல்லிய தாள் மூடி, அலுமாரியின் உயர்ந்த தட்டில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றுக் காட்டுங்கள், வெள்ளிப்பூச்சி வந்திருக்கிறதா என்று விளிம்பைப் பாருங்கள். கட்டாயம் சட்டம் போட்டு மாட்டத்தான் வேண்டுமென்றால் கண்ணாடி படத்தில் முட்டாமல் இடையில் அட்டைக் கரை வைக்கச் சொல்லுங்கள். கடல் பார்க்கும் சுவரும் குளியலறைச் சுவரும் வேண்டாம்.

முதுகில் பென்சிலால் பெயரும் திகதியும் எழுதுங்கள். அடுத்ததற்கு கிளி நல்லது, மீன்கொத்தியும் வரும். காகத்துக்கு இப்போதே போகாதீர்கள். யன்னலில் தினமும் வந்து நிற்பதால் சுலபம் என்று தோன்றும். கறுப்பின்மேல் கறுப்பால் பர்தாஸ் போட எனக்கே இன்னும் கை வரவில்லை.